சம்பளம் நின்ற பிறகு விசுவாசத்துக்கு என்னென்ன நேரும்

சோதனையில் நிலைத்திருப்பதைப் பற்றிச் சின்ன வயதிலிருந்தே பிரசங்கம் கேட்டு வளர்ந்தவன் நான். திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பிறந்தவர்களுக்கு யோசேப்பின் கதையும் தானியேலின் கதையும் ஞாயிறு பள்ளிக் காலத்திலேயே மனப்பாடம். ஆனால் சம்பளம் நின்றுபோன ஒரு குடும்பஸ்தனுக்கு எந்த நேரத்தில் கால் வழுக்கப் பார்க்கும், அப்போது கையில் என்ன காகிதம் இருக்க வேண்டும், யாரிடம் பேசலாம், யாரிடம் பேசக்கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. 2022 நடுவிலிருந்து 2023 கடைசி வரை நான் தனியாகப் பட்டதை வரிசையாக எழுதுகிறேன். இப்போது அதே இடத்தில் நிற்கிற ஒருவருக்காவது இது முன்கூட்டிக் கிடைக்கட்டும்.

கம்பி, சிமெண்ட் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையில் ஒன்பது வருடம் கணக்கெழுதினேன். கையில் 28,000 ரூபாய் சம்பளம். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். தீபாவளிக்கு மற்றவர்களுக்குத் துணி எடுத்தால் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கும் மறக்காமல் எடுத்துக் கொடுப்பார். 2022 ஜூன் மாதம் என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சையும் மற்ற செலவும் சேர்த்து 1,65,000 ரூபாய். சேமிப்பில் இருந்தது 60,000. மச்சான் 55,000 கொடுத்தார். மீதி 50,000-ஐ அண்ணாச்சி நான் கேட்காமலே எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் முழங்காலில் நின்று அவருக்காக ஜெபித்தேன்.

அம்மா வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும். கடை சாத்துகிற நேரத்தில் அண்ணாச்சி என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "தம்பி, உன் ஆதார், பான் ரெண்டையும் குடு. உன் பேர்ல ஒரு ஜிஎஸ்டி நம்பர் எடுப்போம். ஓடிபி வந்தா சொல்லு, அவ்வளவுதான் உன் வேலை. மாசம் பதினஞ்சாயிரம் தனியா கையில தர்றேன். அந்த அம்பதாயிரத்த மறந்துரு." அவர் மிரட்டவில்லை. உதவி செய்கிற அதே குரலில்தான் சொன்னார். எனக்கும் அந்த நிமிடம் அது உதவியாகத்தான் பட்டது.

கணக்கு வேலையில் இருப்பவர்களுக்கு இது என்னவென்று புரியும். புரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் பெயரில் ஜிஎஸ்டி பதிவு எடுத்து, சரக்கே போகாமல் பில் மட்டும் போடுவார்கள். பில்லை வாங்குகிறவர், தான் வரி கட்டிவிட்டதாகக் காட்டி, தன் வரியில் அதைக் கழித்துக்கொள்வார். கம்பிக்கு 18 சதவீத வரி. ஒரு கோடி ரூபாய்க்கு வெறும் காகிதத்தில் பில் போட்டால் 18 லட்சம் அரசாங்கத்துக்கு வராது. பில் போட்ட 'வியாபாரி' யாரென்று தேடினால் ஒரு டீக்கடைக்காரரோ, பீடி சுற்றும் பெண்ணோ, என்னைப் போல ஒரு கணக்கரோ இருப்பார். நோட்டீஸ் முதலில் அவர் வீட்டுக்குத்தான் வரும். இப்படி ஏமாற்றிய வரி 5 கோடியைத் தாண்டினால் ஐந்து வருடம் வரை சிறை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், அன்றைக்கு ராத்திரி தூங்காமல் கிடந்தபோது என் மனம் சட்டத்தைப் பற்றியே நினைக்கவில்லை. அம்மாவின் பிசியோதெரபிக்கு ஒரு தடவைக்கு 400 ரூபாய், மகள் பிளஸ் டூ, அடுத்த வருடம் கல்லூரி என்றுதான் ஓடியது. ஒரு கட்டத்தில், 'இது கர்த்தர் திறந்த வாசலாக இருக்குமோ' என்றுகூட ஓடியது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. தப்பென்று தெரிந்த ஒன்றை ஜெபத்துக்குப் பதிலாகக் கிடைத்தது போல மனம் ஜோடித்துக் காட்டும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மத்தேயு நான்காம் அதிகாரத்தில் இயேசு நாற்பது நாள் உபவாசம் இருந்து, பசி உண்டான பிறகுதான் சோதனைக்காரன் வருகிறான். கேட்டது பெரிய பாவம் மாதிரியும் இல்லை, பசித்தவனுக்கு அப்பம். அதை அன்று ராத்திரி நினைத்துக்கொண்டதால் ஒன்று மட்டும் தீர்மானித்தேன்: பசியோடு இருக்கும்போது பதில் சொல்வதில்லை. மறுநாள் அண்ணாச்சி பார்த்தபோது, "வீட்ல கலந்துட்டுச் சொல்றேன் அண்ணாச்சி" என்றேன். இதை நீங்களும் பழகிக்கொள்ளுங்கள். சோதனை எப்போதும் உடனே பதில் கேட்கும். இரண்டு நாள் தள்ளிப்போட்டால் அதன் பலத்தில் பாதி போய்விடும். இன்னொன்று, மனைவியிடமோ கணவரிடமோ கட்டாயம் சொல்லுங்கள். நான் சொன்னபோது என் மனைவி வசனம் எதுவும் சொல்லவில்லை. "ஏங்க, நாளைக்கு யாராவது வந்து உங்க பேரச் சொல்லிக் கேட்டா அத்தைக்கு நான் என்னன்னு சொல்லுவேன்" என்று கேட்டாள். கழுத்தில் கிடந்த ஐந்து பவுன் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்தச் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் வைத்து 1,30,000 ரூபாய் வாங்கினோம். முதலில் அண்ணாச்சியின் 50,000-ஐக் கொடுத்தேன். அதன் பிறகுதான் முடியாது என்று சொன்னேன். இந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன். ஒருவரிடம் கடன்பட்டுக்கொண்டே அவர் கேட்பதை மறுப்பது ரொம்பக் கடினம். நன்றியும் பயமும் ஒன்றாகக் கலந்து வாயைக் கட்டிவிடும். மறுக்கும்போது நான் பிரசங்கம் செய்யவில்லை. "அண்ணாச்சி, என் பேர்ல வேண்டாம். எனக்கு மனசாட்சி ஒத்துக்கல. கடை வேலைய எப்பவும் போல பாக்கேன்" என்று மட்டும் சொன்னேன். காரணங்களை அடுக்கினால் ஒவ்வொரு காரணத்துக்கும் அவரிடம் ஒரு பதில் இருக்கும். அவர் கோபப்படவில்லை. "சரி தம்பி" என்றார்.

அதற்குப் பிறகு சாவி என் கையை விட்டுப் போயிற்று. அப்புறம் கணினியின் கடவுச்சொல் மாறியது. புதிதாக ஒரு பையன் வந்தான், அவனுக்கு வேலை சொல்லிக் கொடுக்கச் சொன்னார்கள். அக்டோபர் சம்பளம் வரவில்லை. நவம்பர் கடைசியில், "வேற இடம் பாத்துக்கோ தம்பி" என்று முடிந்துவிட்டது. இரண்டு மாதச் சம்பளம் 56,000 ரூபாய் இன்றுவரை வரவில்லை. வேலை பார்த்ததற்கான சான்றுக் கடிதமும் தரவில்லை.

இங்கே காகித விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த நேரத்தில் இதைச் சொல்ல எனக்கு ஆளில்லை. வேலையில் இருக்கும்போதே பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்குக்கான யூஏஎன் எண்ணை உங்கள் கைபேசி எண்ணோடு இணைத்து வைத்துக்கொள்ளுங்கள். பி.எஃப். பாஸ்புக்கைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டு, வங்கியில் சம்பளம் வரவான பக்கம், நியமனக் கடிதம் எல்லாவற்றுக்கும் நகல் வீட்டில் இருக்கட்டும். அப்போதிருந்த விதிப்படி ஒரு மாதம் வேலை இல்லாமல் இருந்தால் பி.எஃப்.பில் 75 சதவீதம் வரை எடுக்கலாம். நான் 1,20,000 மட்டும் எடுத்தேன். முழுவதையும் எடுக்காதது பின்னால் உதவியது. ஐந்து வருடம் வேலை பார்த்தவருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. நாமாகவே விலகினாலும் உண்டு. இது பலருக்குத் தெரியவில்லை. அப்போதிருந்த 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கிட வேண்டியிருந்தது. என் அடிப்படைச் சம்பளம் 22,000. ஒன்பது வருடத்துக்கு ஏறக்குறைய 1,14,000 ரூபாய். முதலில் முதலாளிக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்தேன், பதிவுத் தபாலில். முப்பது நாளில் தரவில்லை என்றதும் தொழிலாளர் துறையில் இதற்கென்று இருக்கிற அதிகாரியிடம் மனு போட்டேன். வக்கீல் வைக்கவில்லை. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருப்பதால் படிவங்களையும், பி.எஃப். விதிகளையும் இப்போது விசாரித்துக்கொள்ளுங்கள். மனு போடலாமா, அது மன்னிப்புக்கு விரோதமா என்று சபையில் ஒருவர் கேட்டார். கூலிக்காரனின் கூலியைப் பிடித்துவைப்பதைப் பற்றி யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில் எவ்வளவு காட்டமாக எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அண்ணாச்சியை மன்னிப்பதற்கு நான் ஜெபித்துக்கொண்டே இருந்தேன், மனுவையும் நடத்தினேன். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த வருடம் பழைய வருட முடிவு ஆராதனைக்குப் போய், வருகிற வருடத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுத்தேன். எரேமியா 29:11 வந்தது. உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்கிற வசனம். ஜனவரியில் வேலை கிடைத்துவிடும் என்று முழுக்க நம்பினேன். ஜனவரி போயிற்று, பிப்ரவரியும் போயிற்று. லெந்து (தவக்கால) நாட்களில் ஒரு ராத்திரி எரிச்சலோடு வேதாகமத்தைத் திறந்து அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்தேன். அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதப்பட்ட கடிதம். வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள் என்று அதில் வருகிறது. எனக்கு வந்த வசனத்துக்கு நேர் மேலே பத்தாம் வசனத்தில் எழுபது வருடம் என்று இருக்கிறது. அதைக் கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பாமலே இறந்திருப்பார்கள். எனக்கு ஆறுதலுக்குப் பதில் முதலில் அதிர்ச்சிதான் வந்தது. கொஞ்ச நாள் கழித்துத்தான் நிம்மதி வந்தது. வேலை கிடைக்கவில்லை என்றால் கர்த்தர் வார்த்தை மாறிவிட்டார் என்று அர்த்தமில்லை. எந்த மாதம் என்பதை முடிவு செய்தது நான்தான், அவர் அல்ல. வாக்குத்தத்தம் எடுப்பவர்கள் தயவுசெய்து அந்த அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கினால் மூன்றாவது மாதம் கை விட்டுவிடும்.

ஆதார், பான் விஷயத்தில் மறுத்தது எனக்குப் பெரிய சோதனை என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு அதைவிடக் கடினமாக இருந்தது அடுத்து வந்த சின்னது. போன இடமெல்லாம் அனுபவச் சான்று கேட்டார்கள். என்னிடம் இல்லை. தெரிந்த ஒருவர் 6,000 ரூபாய் கொடுத்தால் வேறொரு கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒன்பது வருடம் வேலை பார்த்ததாக வாங்கித் தருகிறேன் என்றார். யோசித்துப் பாருங்கள், நான் ஒன்பது வருடம் உண்மையாகவே வேலை பார்த்தவன். எனக்கு நியாயமாகச் சேர வேண்டிய ஒரு காகிதத்தைத்தான் வேறு வழியில் வாங்கப்போகிறேன். யாருக்கும் நஷ்டமில்லை. 'பெரியதை விட்டுக்கொடுத்துவிட்டேனே, இதுகூடவா கூடாது' என்று தேவனிடம் சண்டை போட்டேன். லூக்கா சுவிசேஷத்தில் பிசாசு சோதனையெல்லாம் முடித்த பின்பு சிலகாலம் அவரை விட்டு விலகிப்போனான் என்று இருக்கிறது. சிலகாலம்தான். ஒருமுறை நின்றவனுக்கு அடுத்த முறை நிற்பது எளிதாகிவிடும் என்று நான் எண்ணியிருந்தேன். அப்படி இல்லை. முதல் தடவை பயம் காப்பாற்றும். இரண்டாவது தடவை பயம் இருக்காது, சோர்வும் உரிமையும் மட்டும் இருக்கும். நியாயம் நம் பக்கம் இருக்கிறபோது வரும் சோதனைதான் ஆபத்து.

நான் அதை வாங்காததற்கு என் பலம் காரணமில்லை. ஓய்வுபெற்ற உபதேசியார் (சபை ஊழியர்) ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவரிடம் இதைச் சொன்னேன். அவர் பாவம் புண்ணியம் என்று ஆரம்பிக்கவில்லை. "தம்பி, ஒம்பது வருசம் பி.எஃப். பிடிச்சாங்களா?" என்று கேட்டார். பிடித்தார்கள். அந்த பாஸ்புக்கிலும் இணையத்தில் உள்ள பணி வரலாற்றுப் பக்கத்திலும் முதலாளியின் நிறுவனப் பெயர், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்பதெல்லாம் அரசாங்கக் கணக்கிலேயே இருக்கிறது. அதை அச்செடுத்துக் கொண்டுபோனேன். கடைசியில் எனக்கு வேலை கொடுத்த ஆடிட்டர் அதைத்தான் ஏற்றுக்கொண்டார். சோதனையோடுகூட அதற்குத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார் என்று 1 கொரிந்தியர் 10:13 சொல்கிறது. எனக்கு அந்தப் போக்கு ஒரு பி.எஃப். பாஸ்புக்காக என் அலமாரியிலேயே கிடந்தது. அதை எடுத்துக் காட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சபையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். இதைச் சொல்வது எனக்கு வருத்தம்தான், ஆனால் மறைத்தால் பிரயோஜனமில்லை. மூன்று நான்கு மாதம் எல்லோரும் அன்பாகத்தான் விசாரித்தார்கள். அதற்குப் பிறகு விசாரிப்பின் தொனி மாறியது. "குடும்பத்தில் எங்கேயோ தடை இருக்கு, உபவாசம் போட்டுப் பாருங்க" என்றார் ஒருவர். வீட்டு ஜெபக் கூட்டத்தில் என்னை வைத்துக்கொண்டே, அறிக்கை செய்யாத பாவத்தைப் பற்றிப் பேசினார்கள். இன்னொருவர் ஒரு ஊழியக்காரரின் எண்ணைக் கொடுத்தார். அங்கிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. பத்தாயிரம் ரூபாய் காணிக்கையாக விதைத்தால் அடைபட்ட வாசல் திறக்கும் என்றார்கள். நான் கொடுக்கவில்லை, கொடுக்க இருக்கவும் இல்லை. ஆனால் கொடுக்காத பிறகும் பல ராத்திரி, ஒருவேளை அதனால்தான் அடைபட்டிருக்கிறதோ என்று நெஞ்சு படபடத்தது. பணக் கஷ்டத்தில் இருப்பவனுக்கு அந்தப் பயம் எவ்வளவு கொடுமை என்று அப்படிப் போன் பேசுகிறவர்களுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுக்கிற தசமபாகத்தைப் பற்றியும் எனக்குக் குழப்பம் இருந்தது. வருமானமே இல்லாதபோது என்ன கொடுப்பது? உபதேசியார் 2 கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தை எடுத்துக் காட்டினார். ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று பவுல் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு காணிக்கைப் பையில் பத்து ரூபாய் போடும்போது எனக்குக் கூச்சம் வரவில்லை.

எல்லாவற்றையும் இழந்து கிடந்த யோபுவைப் பார்க்க வந்த மூன்று சிநேகிதரும் முதலில் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாள்தான் அவர்கள் செய்த உருப்படியான ஊழியம். வாயைத் திறந்த பிறகு காரணம் கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் தேவன் கோபப்பட்டது அவர்கள்மேல். உங்களிடம் யாராவது காரணம் சொல்ல வந்தால் வாதாடாதீர்கள். "ஜெபிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஆனால் ஆராதனையை விடாதீர்கள். நான் பாட முடியாமல் நின்ற வாரங்கள் உண்டு. ஸ்தோத்திரப் பாட்டு ஆரம்பித்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும், கோபமும் வரும். கடைசி வரிசையில் உட்கார்ந்து, சேர்ந்து சொல்கிற கர்த்தருடைய ஜெபத்தை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். எனக்குச் சொந்தமாக ஜெபிக்க வார்த்தை இல்லாதபோது சபையின் வார்த்தைகள் என்னைத் தூக்கிக்கொண்டு போயின. ஜெபப் புத்தகத்தை வாசிப்பது வெறும் சடங்கு என்று ஒரு காலத்தில் நினைத்தவன் நான். இப்போது அப்படி நினைப்பதில்லை.

வீட்டில் சங்கீதங்கள் வாசித்தேன். அதுவும் எல்லோரும் ஆறுதலுக்கு வாசிக்கிற 23-ஐயும் 91-ஐயும் விட்டுவிட்டு 13, 73, 88 என்று போனேன். கர்த்தாவே, எதுவரைக்கும் என்று தொடங்குகிறது 13. 88-இல் கடைசி வரை ஆறுதலே வராது, இருட்டிலேயே முடிந்துவிடும். இப்படி ஒரு ஜெபத்தை வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. 73-ஆம் சங்கீதம் என் கதையேதான். நான் விட்டுவந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், என்னிடம் கேட்டதைத் தானே கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அடுத்த வருடம் கார் வாங்கிவிட்டார். மார்க்கெட் பக்கம் அந்தக் காரைப் பார்க்கிற நாளெல்லாம், விருதாவாகவே என் இருதயத்தைச் சுத்தம்பண்ணினேன் என்று அந்தச் சங்கீதத்தில் ஆசாப் சொல்கிற வார்த்தை எனக்குள் ஓடும். இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இன்றுவரை அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நோட்டீஸ் வரவில்லை, வழக்கு இல்லை, நன்றாகத்தான் இருக்கிறார். சாட்சி சொல்லும்போது, தப்பு செய்தவன் கீழே போனான், நான் மேலே வந்தேன் என்று முடிப்பது நமக்குப் பழக்கம். என் சாட்சி அப்படி முடியாது. அவர் கீழே விழ வேண்டும் என்று காத்திருப்பதும் ஒரு சோதனைதான் என்று உபதேசியார் சொன்னார். அதிலிருந்து வெளியே வர எனக்கு வெகு நாள் ஆயிற்று.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது, தூதன் அவனைக் கண்டிக்கவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். தூங்கவிட்டு எழுப்பி மறுபடியும் கொடுத்தான். பேச்சு அதற்குப் பிறகுதான். நான் உபவாசம் உபவாசம் என்று உடம்பைக் கெடுத்துக்கொண்டிருந்தபோது ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கி, காலையில் நடக்க ஆரம்பித்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் கடன் கணக்கைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்ட பிறகுதான் மனம் ஒரு நிலைக்கு வந்தது. ராத்திரி நேரத்தில் விசுவாசத்தைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள். சாக வேண்டும் என்கிற நினைப்பு வந்தால் அது பாவமா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம்; உடனே வீட்டில் சொல்லுங்கள், மருத்துவரிடம் போங்கள். தமிழ்நாட்டில் 104-க்குக் கூப்பிட்டாலும் பேசுவார்கள்.

அந்த நாட்களில் ஒருமுறை டோனாவூருக்குப் போயிருந்தோம். அயர்லாந்திலிருந்து வந்து அங்கே பெண் பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் விழுந்து அடிபட்டார். அதன் பிறகு 1951-இல் இறக்கும் வரை ஏறக்குறைய இருபது வருடம் பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே இருந்தார். அத்தனை வருடமும் சுகத்துக்காக எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள்! பழையபடி எழுந்து நடமாடவில்லை. படுக்கையிலிருந்தே எழுதினார், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். அவருடைய கல்லறையில் நினைவுக்கல்லுக்குப் பதிலாகப் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டிதான் இருக்கிறது. 'குடும்பத்தில் எங்கேயோ தடை இருக்கு' என்று அந்த அம்மையாரிடம் போய் யாராவது சொல்வார்களா என்று நினைத்தேன். எனக்கு வந்த குற்ற உணர்வு அன்றைக்கு ரொம்பவே இறங்கிவிட்டது.

2023 செப்டம்பரில் ஆடிட்டர் அலுவலகத்தில் 19,000 சம்பளத்துக்குச் சேர்ந்தேன். ஏறக்குறைய பத்து மாதம் வீட்டை ஓட்டியது பி.எஃப். பணமும் என் மனைவியின் தையல் மெஷினும்தான். மகளின் முதல் வருடக் கல்லூரிக் கட்டணம் 38,000-ஐ மச்சான் மறுபடியும் கொடுத்தார். பணிக்கொடை விசாரணை இழுத்து இழுத்து, 2024-இல் உத்தரவு வந்து பணம் வந்தது. சாயங்கால நேரத்தில் சின்னக் கடைகளுக்குக் கணக்குப் பார்க்க ஆரம்பித்து, இப்போது பழைய சம்பளத்தைவிடக் கூடவே வருகிறது.

பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும் என்கிறார். முதல் பாதிக்குத்தான் பயிற்சி வேண்டும் என்று நினைத்திருந்தேன். வாழ்ந்திருப்பதற்கும் பயிற்சி வேண்டியிருக்கிறது. மாதம் 20-ஆம் தேதிக்குள் வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும் என்பதால் அதற்கு முந்தின ஞாயிறெல்லாம் வேலை இழுக்கும். கஷ்டத்தில் காலை ஐந்து மணிக்குத் தானாக விழித்து ஜெபித்தவனுக்கு இப்போது அலாரம் வேண்டியிருக்கிறது. அதைவிட மோசம், 'நான் நின்றேன்' என்கிற ஒரு நினைப்பு. யாராவது சின்ன விஷயத்தில் வளைந்துகொடுத்தால் உள்ளே ஒரு இளக்காரம் தலைதூக்குகிறது. அப்படி வரும்போதெல்லாம் அந்த 6,000 ரூபாய்க் காகிதத்துக்கு எவ்வளவு பக்கத்தில் நின்றேன் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். நீதிமொழிகள் முப்பதாம் அதிகாரத்தில் ஆகூர், தரித்திரத்தையும் வேண்டாம் ஐசுவரியத்தையும் வேண்டாம், படியை அளந்து தாரும் என்று கேட்கிறான். இந்த ஜெபத்தைக் கஷ்டம் தீர்ந்தவர்கள்தான் அதிகம் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. வீட்டில் இப்போது ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம்: ஆறு மாதச் செலவுக்கான பணம் சேரும் வரை புதிதாக எதுவும் தவணையில் வாங்குவதில்லை. கையில் ஆறு மாதச் சோறு இருந்தால் முதலாளியிடம் முடியாது என்று சொல்ல வாய் வரும். சேமிப்பதும் விசுவாசத்துக்கு விரோதமில்லை.

இன்னும் இரண்டு விஷயம். யாராவது உங்கள் பான் எண்ணை வைத்து ஜிஎஸ்டி பதிவு எடுத்திருக்கிறார்களா என்று ஜிஎஸ்டி இணையதளத்தில் கணக்கு இல்லாமலே பார்க்கலாம்; பான் எண் மூலம் தேடும் வசதி இருக்கிறது. முதலாளியோ உறவினரோ கடன் வாங்கித் தருகிறேன் என்று ஆதார், பான் நகல் வாங்கியிருந்தால் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கும், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும் பார்த்துக் கொடுங்கள்.

அடுத்தது, உங்கள் சபையில் வேலை இல்லாத ஒருவர் இருந்தால், ஜெபக்குறிப்பு என்று அவர் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "ஏதாவது கிடைச்சுதா" என்று வாரா வாரம் கேட்காதீர்கள். கிடைத்தால் அவரே சொல்வார். அரிசியோ மளிகையோ வாங்கிக் கொடுப்பதென்றால் இருட்டின பிறகு வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள், ஆலய வாசலில் வேண்டாம். அவருடைய பி.எஃப்., பணிக்கொடைக் காகிதங்களை உட்கார்ந்து பார்த்துக் கொடுக்கக்கூடியவர் சபையில் ஒருவராவது இருப்பார். அவரை இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்.